ஒரே ஆள், இரண்டு கையெழுத்து

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "இந்த வருஷம் நீ பேசறே. இருபது நிமிஷம். தொழில் சமாச்சாரம் மட்டும் பேசிடாதே, சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லாரும் தூங்கிடுவாங்க" என்று சொன்னார். பெரியவர் பேச்சைத் தட்டக்கூடாது. அதனால் இன்றைக்கு நான் பேசப்போவது பியானோ இசையைப் பற்றி. "மெக்கானிக்கல் படிச்சவனுக்கு எதுக்குடா பியானோ?" என்று என் வகுப்புத் தோழர்கள் பின்வரிசையில் சிரிப்பது இங்கே வரைக்கும் கேட்கிறது. கொஞ்சம் பொறுமையாக இருங்கள். சுற்றி வளைத்துக் கடைசியில் விஷயம் நம்ம டிசைன் மீட்டிங்குக்கும் நம்ம வீட்டுக்கும்தான் வந்து சேரும்.

வேலை விஷயமாக நான் சில காலம் ஜெர்மனியில் ஸ்விக்காவ் என்ற ஊரில் இருந்தேன். கார் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த ஊர் ஒரு க்ஷேத்திரம் மாதிரி. கிழக்கு ஜெர்மனியின் புகழ்பெற்ற டிராபான்ட் கார் 1957 முதல் 1991 வரை, முப்பது லட்சத்துக்கு மேல், அங்கேதான் தயாரானது. அதற்கும் முன்னால் அந்த ஊரில் ஆகுஸ்ட் ஹார்ஹ் என்று ஒரு இன்ஜினீயர் இருந்தார். தன் பெயரிலேயே கார் கம்பெனி தொடங்கினார். 1909-ல் மற்ற பங்குதாரர்களோடு சண்டை வந்து வெளியே வந்தார். வந்தவர் இன்னொரு கம்பெனி ஆரம்பித்தால், சொந்தப் பெயரை வைக்கக்கூடாது என்று கோர்ட் தீர்ப்பு! ஜெர்மன் மொழியில் ஹார்ஹ் என்றால் "உற்றுக் கேள்" என்று அர்த்தம். நண்பர் வீட்டுப் பையன் ஒருவன் லத்தீன் படித்துக்கொண்டிருந்தானாம். அதையே லத்தீனில் சொல்லிவிட்டால் என்ன என்று யோசனை சொன்னான். அப்படி வந்ததுதான் ஆடி. நீங்கள் ரோட்டில் பார்க்கிற நாலு வளையம் போட்ட அதே ஆடி.

அந்த ஊரின் மையச் சதுக்கத்தில் ஒரு சிலை இருக்கிறது. கார் செய்தவருடைய சிலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கிட்டே போனேன். ராபர்ட் ஷூமான் என்று எழுதியிருந்தது. பக்கத்திலேயே அவர் பிறந்த வீடு, இப்போது மியூசியம். சனிக்கிழமைகளில் எனக்கு வேறு வேலை கிடையாது. உள்ளே போய்ப் பார்க்க ஆரம்பித்தவன்தான். இன்றைக்கு உங்கள் முன்னால் நின்று அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஹார்ஹ் கோர்ட் சொன்னதால் இன்னொரு பெயர் தேடினார். இந்த ஷூமானையோ யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தானாகவே தனக்கு இரண்டு பெயர் வைத்துக்கொண்டார். அந்த இரண்டு பெயரும் ஒன்றோடொன்று வாதாடிக்கொண்டே இருந்தன. அந்தக் கதைதான் இன்றைய பேச்சு.

ஷூமான் 1810 ஜூன் 8-ல் பிறந்தார். அப்பா புத்தக வியாபாரி, பதிப்பாளர், எழுத்தாளரும்கூட. வீடு முழுக்கப் புத்தகம். பையனுக்குப் பதினாறு வயதில் அப்பா காலமானார். அம்மாவுக்கு, பையன் வக்கீலுக்குப் படித்துக் கௌரவமாகப் பிழைக்க வேண்டும் என்று ஆசை. இங்கே எத்தனையோ பேருக்குத் தெரிந்த கதைதானே! 1828-ல் லைப்ஸிக் நகரத்தில் சட்டம் படிக்கச் சேர்ந்தார். படித்ததைவிடப் பியானோ வாசித்ததுதான் அதிகம். 1830-ல் அம்மாவுக்குக் கடிதம் எழுதி, சட்டத்தை விட்டு இசைக்குப் போக அனுமதி கேட்டார். அந்த அம்மா பியானோ ஆசிரியர் ஃப்ரீட்ரிக் வீக்கிடம் அபிப்பிராயம் கேட்டார். "மூணு வருஷம் குடுங்க, பெரிய பியானோக் கலைஞனா ஆக்கிக் காட்டறேன்" என்கிற பாணியில் வீக் பதில் எழுதினார். ஆனால் 1832 வாக்கில் ஷூமானின் வலதுகை விரலில் கோளாறு. என்ன காரணம் என்று இன்றைக்கும் அறிஞர்கள் வாதாடுகிறார்கள். மேடைக் கலைஞனாகும் கனவு அதோடு முடிந்தது. மீதி இருந்தவை இரண்டு: இசை எழுதுவது, இசையைப் பற்றி எழுதுவது.

விரல் முழுசாகக் கைவிடுவதற்கு முன்பே, 1831 கோடையில், அவருக்கு இருபத்தொரு வயது நிறைந்த சமயம், டைரியில் இரண்டு புது நண்பர்கள் வந்து சேர்கிறார்கள். ஒருவர் ஃப்ளோரெஸ்டான். இன்னொருவர் யூசிபியஸ். இரண்டு பேரும் அவரேதான்.

ஃப்ளோரெஸ்டான் வேகக்காரர். சட்டென்று கோபம், சட்டென்று சந்தோஷம், மனசில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். பீத்தோவன் எழுதிய ஒரே ஆப்பராவில், அநியாயத்தை எதிர்த்துச் சிறையில் கிடக்கிற மனிதரின் பெயரும் ஃப்ளோரெஸ்டான்தான். யூசிபியஸ் அதற்கு நேர்மாறு. அமைதி, கனவு, தயக்கம். எதையும் இரண்டாம் தடவை கேட்டுவிட்டுத்தான் வாய் திறப்பார். அது பழைய கிறிஸ்தவப் புனிதர் ஒருவரின் பெயர்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது? ஷூமானுக்கு ழான் பால் என்ற ஜெர்மன் நாவலாசிரியர்மேல் அப்படி ஒரு பைத்தியம். அவருடைய ஒரு நாவலில் இரட்டைச் சகோதரர்கள் வருகிறார்கள். ஒருவன் வால்ட், கனவு காண்பவன். இன்னொருவன் வுல்ட், புல்லாங்குழல் வாசிக்கும் முரடன். ஒருவனுக்கு இல்லாதது மற்றவனிடம் இருக்கும். ஷூமான் அந்த இரட்டையர்களைத் தனக்குள்ளேயே குடிவைத்துவிட்டார்.

புனைபெயர் நமக்குப் புதிதில்லை. கைதான் தெரியும், ஆள் தெரியக்கூடாது என்பதற்காகப் பெயரை மாற்றிக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். ஷூமானுக்கு ஒளிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. ஒரே விஷயத்தைப் பற்றி அவருக்குள் இரண்டு நேர்மையான அபிப்பிராயம் இருந்தது. ஒன்றை அமுக்கிவிட்டு மற்றதை மட்டும் எழுத அவருக்கு மனசு வரவில்லை. ஆகவே இரண்டுக்கும் தனித்தனி ஆளையே நியமித்துவிட்டார்.

இது வெளியே வந்தது 1831 டிசம்பரில், லைப்ஸிக்கின் இசைப் பத்திரிகை ஒன்றில். ஷோப்பின் என்ற, பெயர் தெரியாத போலந்துக்காரப் பையனின் இசைப் படைப்பு ஒன்றுக்கு விமர்சனம். அவனுக்கும் விமர்சனம் எழுதியவருக்கும் ஒரே வயது, இருபத்தொன்று. வழக்கமான விமர்சனமாக இருந்தால் "இப்பகுதி நன்று, அப்பகுதி சுமார்" என்று இருக்கும். ஷூமான் ஒரு கதை மாதிரி எழுதினார். யூசிபியஸ் சத்தமில்லாமல் கதவைத் திறந்துகொண்டு வருகிறார். கையில் இசைத்தாள். இவன் ஒரு மேதை என்று அறிவிக்கிறார். ஃப்ளோரெஸ்டான் தலைகால் புரியாமல் குதிக்கிறார். பிறகு இருவரும் மாஸ்டர் ராரோ என்கிற மூன்றாவது ஆளிடம் ஓடுகிறார்கள். அவர் நிதானமாகச் சிரிக்கிறார். ராரோதான் நடுவர். இந்த ராரோவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படுவார்.

1834 ஏப்ரலில் ஷூமானும் நண்பர்களும் சேர்ந்து லைப்ஸிக்கில் தாங்களே ஒரு இசைப் பத்திரிகை ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷத்திலிருந்து 1844 வரை ஷூமானே தனி ஆசிரியர். அந்தக் காலத்து விமர்சனம் பெரும்பாலும் தேன் தடவுகிற வேலை. யாரையும் பகைத்துக்கொள்ளாமல் எல்லாருக்கும் ஒரு ஸ்பூன். இதை எதிர்த்து ஷூமான் மனசுக்குள்ளேயே ஒரு சங்கம் அமைத்தார். தாவீதின் தோழர் சங்கம் என்று பெயர். பைபிளில் கோலியாத்தைக் கவண்கல்லால் வீழ்த்திய தாவீதுதான். கோலியாத் பெலிஸ்தர் கூட்டத்தைச் சேர்ந்தவன். ஜெர்மன் மாணவர்கள் அந்தக் காலத்தில் ரசனை இல்லாத, வசதியாக வாழ்கிற ஆட்களைப் "பெலிஸ்தன்" என்று கிண்டல் செய்வார்கள். நாம் ஹாஸ்டலில் பெயர் வைக்கவில்லையா, அந்த மாதிரி.

சங்கத்துக்கு ஆபீஸ் கிடையாது, சந்தா கிடையாது, நம் சங்கத்து மாதிரி பொதுக்குழுவும் கிடையாது. உறுப்பினராக இருக்கிறோம் என்பது பல உறுப்பினர்களுக்கே தெரியாது! மெண்டல்சனுக்கு "ஃபெலிக்ஸ் மெரிட்டிஸ்" என்று பெயர். வீக்கின் மகள், சின்னப் பெண் க்ளாராவுக்கு "கியாரா". எப்போதோ காலமான மொஸார்ட்டும் உறுப்பினர். அப்போது நேரில் பார்த்தே இராத பாரீஸ்காரர் பெர்லியோஸும் உறுப்பினர்.

பெர்லியோஸ் விஷயத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவருடைய ஃபான்டாஸ்டிக் சிம்பொனியைப் பற்றி 1835-ல் ஷூமான் நீண்ட கட்டுரை வெளியிட்டார். தொடக்கப் பகுதி ஃப்ளோரெஸ்டான் பெயரில், ஒரே உணர்ச்சி வெள்ளம். அதன்பின் தன் சொந்தக் குரலில் நிதானமான அலசல்: அமைப்பு என்ன, ஸ்வரச் சேர்க்கை எப்படி, வாக்கியங்களின் நீளம் எவ்வளவு. அவர் கையில் முழு வாத்தியக்குழுவின் ஸ்கோர்கூட இல்லை. லிஸ்ட் செய்த பியானோ வடிவம்தான் இருந்தது. நம்ம பாஷையில் சொன்னால், மெஷினைப் பார்க்காமல் டிராயிங்கை மட்டும் வைத்துக்கொண்டு செய்த டிசைன் ரிவ்யூ. முதலில் "பிரமாதம்யா!" என்ற குரல். அடுத்து ஸ்க்ரூ ஸ்க்ரூவாகக் கழற்றிப் பார்க்கிற குரல். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் குழப்பியிருந்தால் "ஓரளவு பிரமாதம்" என்று வந்திருக்கும். "ஓரளவு பிரமாதம்" என்பதால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

விமர்சனத்தோடு நின்றிருந்தால் இது வெறும் எழுத்து விளையாட்டு. ஷூமான் இதை இசைக்கும் கொண்டுபோனார். 1836-ல் வந்த அவருடைய முதல் பியானோ சொனாட்டாவின் முகப்பில் இயற்றியவர் பெயர் ஷூமான் என்று இல்லை. ஃப்ளோரெஸ்டானும் யூசிபியஸும் க்ளாராவுக்குச் சமர்ப்பித்தது என்றுதான் இருந்தது.

1837-ல் வெளியான "கார்னவால்" என்ற தொகுப்பு ஒரு மாறுவேட விருந்து மாதிரி. சின்னச் சின்னத் துண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு முகமூடி. அதில் யூசிபியஸுக்கு ஒரு துண்டு, ஃப்ளோரெஸ்டானுக்கு ஒரு துண்டு. யூசிபியஸ் துண்டில் இடதுகை ஒரே சீராக நடக்கிறது. வலதுகையோ ஏழு ஏழு ஸ்வரமாக அதன்மேல் மிதக்கிறது. இரண்டு கணக்கும் நேராகப் பொருந்தாது. தரையில் கால் படாமல் ஒருவர் நடப்பது போல இருக்கும். அடுத்தாற்போல் ஃப்ளோரெஸ்டான். பாய்கிறார், நிற்கிறார். நடுவில் ஷூமான் முன்பு எழுதிய "வண்ணத்துப்பூச்சிகள்" என்ற படைப்பிலிருந்து ஒரு துணுக்கு ஞாபகத்துக்கு வருகிறது. தாளில் அந்த இடத்தில் பெயரை எழுதி ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்கிறார். மறுபடியும் பாய்ச்சல். பாட்டு முடிந்தது என்று நம் காது ஒத்துக்கொள்கிற இடத்துக்குப் போய்ச் சேராமலே அடுத்த ஆளிடம் தாவிவிடுகிறது. இதே விருந்தில் ஷோப்பினும் வருகிறார், வயலின் மேதை பாகனீனியும் வருகிறார். முடிவில் தாவீதின் தோழர்கள் பெலிஸ்தர்களை எதிர்த்து அணிவகுக்கிறார்கள். அணிவகுப்பு என்றால் லெஃப்ட் ரைட், இரண்டு அல்லது நாலு அடி. என்.சி.சி.யில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஷூமான் அணிவகுப்போ மூன்றடித் தாளம்! பெலிஸ்தர்களுக்கு ஒரு பழைய தாத்தா காலத்து நடனப் பாட்டைக் கொடுத்திருக்கிறார். எதிரியை அடிப்பதில்கூட ஒரு குசும்பு.

எனக்கு மிகவும் பிடித்தது அதே 1837-ல் எழுதிய "தாவீதின் தோழர்களின் நடனங்கள்". பதினெட்டுத் துண்டுகள். முதல் பதிப்பில் பெரும்பாலானவற்றின் கீழ் கையெழுத்து மாதிரி ஒரு எழுத்து இருக்கும். "ஃப்" என்றால் ஃப்ளோரெஸ்டான். "யூ" என்றால் யூசிபியஸ். சிலவற்றில் இரண்டும். ஒன்பதாவது துண்டின் தலையில், ஃப்ளோரெஸ்டான் பேச்சை நிறுத்தினார், அவர் உதடு வேதனையில் துடித்தது என்கிற மாதிரி ஒரு குறிப்பு. எப்போதும் கத்துகிறவர் பேச முடியாமல் நிற்கிறார். பதினெட்டாவதின் தலையில் இன்னொரு குறிப்பு: சொல்ல வேண்டியதெல்லாம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது, இருந்தாலும் யூசிபியஸ் இதையும் சேர்த்துச் சொன்னார், அப்போது அவர் கண்ணில் ஆனந்தம். அந்தக் கடைசித் துண்டு ஒரு மெல்லிய வால்ஸ் நடனம். மேடையில் கைதட்டல் வாங்குகிற முடிவு அது கிடையாது. வேகக்காரன் பேசி முடித்தபின் அமைதிக்காரனுக்குக் கடைசி வார்த்தை. ஹெட்போனில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

இங்கே ஒருவர் எழுந்து, "ஏம்ப்பா, அந்த ஆள் கடைசியில் மனநலம் கெட்டுத்தானே இறந்தார்? இந்த ரெண்டு ஆள் கதையே அதோட அறிகுறிதானே?" என்று கேட்கலாம். நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மைதான், 1854 பிப்ரவரியில் அவர் ரைன் நதியில் குதித்தார், காப்பாற்றினார்கள், பான் நகரம் அருகே ஒரு மனநல விடுதியில் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்து, 1856 ஜூலை 29-ல் காலமானார். கஷ்டமான முடிவு. ஆனால் தேதிகளைக் கொஞ்சம் வரிசையாக அடுக்கிப் பாருங்கள். ஃப்ளோரெஸ்டானும் யூசிபியஸும் சுறுசுறுப்பாக இருந்தது 1830-களில், அவர் பத்திரிகை நடத்தி, சிறந்த பியானோ படைப்புகளை வரிசையாக எழுதிக் குவித்த காலத்தில். பிறகு அவரே அவர்களை ஓய்வுக்கு அனுப்பிவிட்டார். அந்த நடனங்களின் இரண்டாம் பதிப்பு 1850-51 வாக்கில் வந்தபோது "ஃப்", "யூ" எழுத்துகளை நீக்கிவிட்டார், தன் பெயரைப் போட்டார். 1853-ல் இருபது வயது பிராம்ஸை உலகத்துக்கு அறிமுகம் செய்த புகழ்பெற்ற கட்டுரையும் சொந்தக் குரலில்தான். அவருடைய கட்டுரைத் தொகுப்பு 1854-ல் வெளியானது. அதன் முன்னுரையில் மிகத் தெளிவாகவே விளக்கியிருக்கிறார்: கலையைப் பற்றிப் பல கோணங்களைச் சொல்ல, எதிரெதிர் குணமுள்ள பாத்திரங்கள் தேவைப்பட்டன, இருவருக்கும் நடுவே ராரோ நின்றார், சங்கம் என்பது அதை நிறுவியவரின் தலைக்குள் மட்டுமே இருந்தது. தேவைப்பட்டபோது எடுத்து, வேலை முடிந்ததும் கழுவித் துடைத்துப் பெட்டியில் வைப்பதைக் கருவி என்று சொல்வோமா, வியாதி என்று சொல்வோமா?

இப்போது ராரோவுக்கு வருகிறேன்.

ஆரம்பத்தில் ஷூமான் ராரோ என்று மனதில் வைத்தது தன் குருநாதர் வீக்கைத்தான். இரண்டு பேர் சண்டை போட்டால் தீர்ப்பு சொல்ல ஒரு பெரியவர் வேண்டுமல்லவா? குருவைவிடப் பெரியவர் யார்? ஆனால் நடந்தது என்ன தெரியுமா? ஷூமானும் க்ளாராவும் காதலித்தார்கள். 1837 ஆகஸ்ட் 14-ஐ அவர்கள் தங்கள் நிச்சயதார்த்த நாளாகக் கொண்டார்கள். அது யூசிபியஸ் புனிதரின் நாள்! வீக் ஒரேயடியாக எதிர்த்தார். ஷூமானைக் குடிகாரன் என்றுகூடக் குற்றம்சாட்டினார். 1839-ல் இருவரும் கோர்ட்டுக்குப் போனார்கள். 1840-ல் தீர்ப்பு அவர்கள் பக்கம். அந்த வருஷம் செப்டம்பர் 12-ல் கல்யாணம். க்ளாராவின் இருபத்தொன்றாவது பிறந்தநாளுக்கு முதல் நாள். நடுவர் நாற்காலியில் யாரை உட்கார வைத்தாரோ, அவரே எதிர்க்கட்சி வக்கீலாக நின்றார்.

அப்படியானால் ராரோ யார்? பலர் கவனித்துச் சொன்ன ஒரு விஷயம் உண்டு. க்ளாரா, ராபர்ட் என்ற இரண்டு பெயரையும் அவர்கள் எழுத்தில் இடைவெளி விடாமல் சேர்த்து எழுதினால், நடுவில் ஒரு பெயர் தெரியும். க்ளாராவின் கடைசி "ரா", ராபர்ட்டின் முதல் "ரோ". ராரோ. ஷூமான் அப்படி நினைத்துத்தான் வைத்தாரா என்பதற்குச் சாட்சி சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. தீர்ப்பு சொல்கிறவரை வெளியே தேடி, அவர் கையில் நம்மை ஒப்படைத்தால் ஒருநாள் கஷ்டம்தான். நமக்குள்ளே இருப்பதும், நம்மோடு கூட வாழ்கிறவருக்குள்ளே இருப்பதும் சேருகிற இடத்தில் அந்த நடுவர் உருவாக வேண்டும்.

"சரிடா, எங்க மீட்டிங் ரூம் எங்கே?" என்று கேட்கிறீர்கள். வந்துவிட்டேன்.

எலெக்ட்ரிக் காரில் கூலன்ட் பம்ப்பைத் தாங்குகிற ஒரு ஷீட் மெட்டல் பிராக்கெட். எடை குறைக்க வேண்டும். நான் கொஞ்ச நாளாக ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். நோட்டில் இடது பக்கம் "வே" என்று போட்டு என் வேகம் சொல்வதை எழுதுவேன். வலது பக்கம் "நி" என்று போட்டு என் நிதானம் சொல்வதை எழுதுவேன். ஒன்றுக்கொன்று பதில் சொல்லக்கூடாது. அவரவர் வாதத்தை முழுசாகச் சொல்லி முடிக்க வேண்டும். "வே" எழுதினார்: 4 மில்லிமீட்டர் தகட்டை 3 ஆக்கு, எடையில் கால்வாசி போய்விடும், இன்றே டிராயிங்கை மாற்று. "நி" எழுதினார்: வளைவைத் தாங்கும் விறைப்பு தகட்டின் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது, 4-ஐ 3 ஆக்கினால் விறைப்பு 42 சதவீதமாக இறங்கிவிடும், பம்ப் அதிர்வோடு ஒத்து ஆட ஆரம்பித்தால் என்ன செய்வாய்?

சாதாரணமாக மீட்டிங்கில் இந்த இரண்டு கட்சியும் வந்தால் தீர்ப்பு என்னவாக இருக்கும்? நமக்கெல்லாம் தெரியும். மூணரை! எல்லாருக்கும் சந்தோஷம், டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம். ஆனால் மூணரையில் எடை எட்டில் ஒரு பங்குதான் குறையும், விறைப்போ 67 சதவீதம்தான் நிற்கும். "வே" கேட்டதும் கிடைக்கவில்லை, "நி" கேட்டதும் கிடைக்கவில்லை. இரண்டு பக்கத்தையும் அமுக்காமல் முழுசாகப் படித்தால்தான் கேள்வியே மாறும்: எடை கனத்தில் இருக்கிறது, விறைப்பு கனத்தில் மட்டுமா இருக்கிறது? வடிவத்திலும்தானே இருக்கிறது! கடைசியில் 3 மில்லிமீட்டர் தகடு, நடுவில் நீளமாக ஒரு ரிப் அழுத்தினோம். அதிர்வு டெஸ்டில் பாஸ். அந்த ரிப்தான் ராரோ. ராரோ என்றால் சராசரி என்று அர்த்தம் கிடையாது. இரண்டு பேரும் முழுக்கப் பேசி முடித்தபிறகு பிறக்கிற மூன்றாவது யோசனை.

பிராக்கெட்டுக்குச் சரி, வாழ்க்கைக்கு?

ஸ்விக்காவ் வேலை முடிகிற நேரம், "இன்னும் மூணு வருஷம் இங்கேயே இருங்க" என்றார்கள். நல்ல சம்பளம், நல்ல வேலை. இங்கே ஊரில் அம்மா தனியாக. மகளை ஸ்கூலில் சேர்க்கிற வயது. மனைவி டீச்சர், வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு வந்திருந்தாள். அதே நோட்டில் இரண்டு கடிதம் எழுதினேன். "வே" இரு என்றார். "நி" போ என்றார். இரண்டுமே நியாயமாக இருந்தது. நோட்டை மனைவியிடம் கொடுத்தேன். இரண்டு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தாள். பென்சிலை வாங்கிக் கீழே எழுதினாள்: "வாரத்துல மூணு நாள் நீங்க செய்யறது கம்ப்யூட்டர் வேலைதானே? அதை நம்ம ஊர்ல இருந்து செய்ய விடுவாங்களான்னு கேளுங்க. டெஸ்ட் நடக்கிற மாசங்களுக்கு மட்டும் போய்ட்டு வாங்க. அம்மாவையும் பார்த்துக்கலாம், என் வேலைக்கும் நான் திரும்பலாம்." கேட்டேன். ஒத்துக்கொண்டார்கள். இப்போது அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ராரோ என்ற பெயரில் ஏன் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

தம்பி தங்கைகளே, உங்களிடம் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: "மனசை ஒருநிலைப்படுத்து, இரண்டுங்கெட்டானா இருக்காதே." கேட் பரீட்சையா, கேம்பஸ் வேலையா, சொந்தமாக ஏதாவது ஆரம்பிப்பதா என்று உங்களில் பலருக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை என்று எனக்குத் தெரியும். உங்களுக்குள்ளே இரண்டு குரல் கேட்டால் பயப்படாதீர்கள். இரண்டும் கெட்டவன் வேறு, இரண்டும் உள்ளவன் வேறு. இரண்டு குரலையும் ஒரே நேரத்தில் பேசவிட்டு மண்டையைப் பிய்த்துக்கொள்கிறவன்தான் தவிக்கிறான். ஆளுக்கொரு பெயர் வையுங்கள், ஆளுக்கொரு பக்கம் கொடுங்கள். எழுத்தில் வந்தபிறகு பாதிப் பயம் போய்விடும். மீதிப் பாதிக்கு, உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் அந்த நோட்டைக் காட்டுங்கள்.

என் வயசு நண்பர்களுக்கு வேறு ஒன்று சொல்ல வேண்டும். ஹாஸ்டலில் நம் ஒவ்வொருவரிடமும் இரண்டு பேர் இருந்தார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு மொட்டை மாடியில் கவிதை சொன்னவனும் இருந்தான், காலையில் வைவாவில் வாத்தியாரோடு மல்லுக்கு நின்றவனும் இருந்தான். வேலை என்ற ஒன்று வந்ததும், அது நம்மில் ஒருவனுக்கு மட்டும்தான் சம்பளம் கொடுக்கிறது. சிலர் யூசிபியஸை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். சிலர் ஃப்ளோரெஸ்டானைக் கட்டிப்போட்டுவிட்டோம். பத்துப் பதினைந்து வருஷத்தில் மற்றவன் குரலே மறந்துபோகிறது. இந்த மாதிரிச் சந்திப்புக்கு நாம் ஏன் இத்தனை தூரம் ரயிலேறி வருகிறோம்? அந்த இன்னொருவனைப் பார்த்தவர்கள், அவன் பேச்சைக் கேட்டவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். இன்றைக்குச் சாயங்காலம் பக்கத்தில் உட்காரும் பழைய நண்பனிடம், "நம்மகிட்ட இருந்த அந்த இன்னொருத்தன் எப்படிப்பட்டவன்?" என்று கேட்டுப் பாருங்கள். என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.